வீணைக்கு அரக்குப் பொலிஷும் மெழுகும்: முழு மினுக்கம் எடுக்கும் முறை

பலாமர வீணையின் உருண்டைக் குடத்தைப் பார்க்கும்போது யன்னல் கம்பிகளின் ஓரம் கலங்காமல் அதில் தெரிந்தால், அதுதான் முழு மினுக்கம். அந்த மினுக்கத்தை மெழுகு தருவதில்லை. மெழுகு கடைசியாக வரும் மெல்லிய தோல் மட்டுமே. அதற்குக் கீழே அரக்குப் படை இருக்கிறது, அதற்கும் கீழே உரஞ்சி மட்டமாக்கிய மரம். மரத்தில் ஒரு கீறல் மிஞ்சினால் அது அரக்கில் தெரியும், அரக்கில் மேடு பள்ளம் மிஞ்சினால் மெழுகு அதை இன்னும் எடுத்துக் காட்டும். வெறும் மரத்தில் மெழுகைத் தேய்த்துவிட்டு "ஏன் மினுங்கவில்லை?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். பலாவின் துளைகள் திறந்தபடி கிடக்கும்வரை ஒளி அதில் சிதறும், எவ்வளவு தேய்த்தாலும் மங்கல் மங்கல்தான்.

இங்கே சொல்லப்படுவது, புதிதாகக் கடைந்து பூச்சு ஏறாத வீணைக்கும், பழைய பூச்சு கெட்டுப்போய் முழுவதுமாக உரஞ்ச வேண்டிய வீணைக்கும் உரிய வேலை. பழைய வீணையில் பூச்சு நன்றாக இருந்து அழுக்கு மட்டும் படிந்திருந்தால் இதில் பாதி வேலை தேவையில்லை. துடைத்து மெழுகு பிடித்தால் போதும். நல்ல பழைய அரக்குப் பூச்சை உரஞ்சி எடுப்பது வீணைக்குச் செய்யும் கெடுதல்.

காலம்

மொத்த வேலைக்கு ஆறு கிழமை வேண்டும். கைவேலை பத்து, பன்னிரண்டு நாள்தான், மிச்சமெல்லாம் காயவிடும் நாட்கள். யாழ்ப்பாணத்தில் இதற்கு நல்ல காலம் மாசி முதல் சித்திரை வரை: மழை குறைவு, காற்றும் பெரிதாக இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் அரக்கு வேலை தொடங்கவே வேண்டாம். ஈரக்காற்றில் ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பூச்சு பால்போல வெளுத்துவிடும். நவராத்திரிக்கு வீணை மினுங்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஆவணி முதல் கிழமையிலேயே தொடங்க வேண்டும். ஆனால் அப்போது சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். காற்றுப் பக்க யன்னலைச் சாத்தி, எதிர்ப்பக்க யன்னலை மட்டும் திறந்து வையுங்கள். தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன் நிலத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்தால் புழுதி அடங்கும், நிலமும் காய்ந்துவிடும். எந்த மாதமானாலும் விடிகாலையில் பூசாதீர்கள். அந்த நேரத்தில்தான் ஈரம் கூட. காலை 9 மணியிலிருந்து பின்நேரம் 4 மணிவரை நல்ல நேரம்.

மேளம் (விரல் வைத்து வாசிக்கும் மெட்டுகளும் அவற்றைத் தாங்கும் கருமெழுகும்) மாற்ற வேண்டிய வீணையாக இருந்தால் முறையைச் சரியாக அமையுங்கள். முதலில் பழைய மெட்டுகளையும் மெழுகையும் எடுப்பது, பிறகு பொலிஷ், பொலிஷ் முற்றிய பிறகு புது மேளம். இப்படிச் செய்தால் வேலை பாதியாகக் குறையும், பயமும் இல்லை. மேளம் நன்றாக இருக்கும் வீணைக்குப் பொலிஷ் போடும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். காரணம் கீழே வருகிறது.

பழைய பூச்சு எது என்று பார்த்தல்

குடத்தின் அடிப்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் ஒரு சொட்டு மெதிலேட்டட் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் வையுங்கள். பூச்சு இளகிப் பஞ்சில் மண்ணிறம் ஏறினால் அது அரக்கு. அதன்மேல் புது அரக்கு தாராளமாகப் பிடிக்கும், முழுவதும் உரஞ்சத் தேவையில்லை. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால் அது லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பொலியூரித்தேன் போன்ற கடினப் பூச்சு, அதை அரத்தாளால்தான் எடுக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு முன் அந்த இடத்தில் டர்பன்டைன் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். பழைய மெழுகோ தேங்காய் எண்ணெயோ மேலே இருந்தால் சோதனை பொய் சொல்லும்.

சாமான்கள்

அரக்குச் செதில் 100 முதல் 150 கிராம் வரை ஒரு வீணைக்குத் தாராளம். கடையில் செல்லாக் என்று கேளுங்கள், மெழுகு நீக்கியது கிடைத்தால் அதையே எடுங்கள். மெழுகு நீக்காத செதிலானால் கரைத்து இரண்டு நாள் அசையாமல் வைத்து, அடியில் படியும் வெள்ளை மண்டியை விட்டுத் தெளிவை மட்டும் வடித்தெடுக்கலாம்.

ஸ்பிரிட் ஒன்றரை லீற்றர். ஹாட்வெயார் கடையில் விற்கும் மெதிலேட்டட் ஸ்பிரிட்தான் வேண்டும். மருந்துக்கடையில் புண் துடைக்க விற்கும் ஸ்பிரிட்டில் நூற்றுக்கு முப்பது பங்கு தண்ணீர் இருக்கலாம். அதில் கரைத்த அரக்கு எந்தக் கோடையிலும் வெளுக்கும். திறந்து பல மாதம் கிடந்த ஸ்பிரிட் போத்தலும் காற்றிலிருந்து ஈரம் இழுத்திருக்கும்.

அரத்தாள் 120, 180, 240, 320, 400 இலக்கங்கள், பிறகு நீரில் உரஞ்சும் கறுப்புத் தாள் 800, 1200, 2000. மருந்துக்கடையில் கிடைக்கும் திரவ பரஃபின் 100 மில்லிலீற்றர். பழைய பருத்தி வேட்டி ஒன்று, பலமுறை துவைத்து நூல் கழராததாக இருக்க வேண்டும். பஞ்சு. மெல்லிய ஆட்டுமயிர்த் தூரிகை. மூடியுள்ள கண்ணாடிப் போத்தல்கள். இரும்புத் தகரத்தில் அரக்கை வைக்காதீர்கள். அரக்கு அமிலத்தன்மை உள்ளது, இரும்பு பட்டால் கறுக்கும். மெழுகுக்குத் தேன்மெழுகு 30 கிராம், கார்னூபா மெழுகு 15 கிராம், டர்பன்டைன் 90 மில்லிலீற்றர். கார்னூபா பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகு. நம் பனைக்குத் தூரத்து உறவு. எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஆனாலும் தேடி எடுங்கள்: தேன்மெழுகு ஏறக்குறைய 63 பாகையிலேயே உருகும், கார்னூபா 82 பாகைக்கு மேல். எங்கள் வெயிலுக்குத் தேன்மெழுகு தனியே நின்றால் எப்போதும் இளகிய நிலையிலேயே இருக்கும். கை வைத்த இடமெல்லாம் ரேகை பதியும், புழுதியும் ஒட்டும்.

இன்னொன்று, பற்றரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) ஒரு போத்தல். ஈரத்துணியால் துடைக்கும் எல்லா இடத்திலும் இதையே பாவியுங்கள். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. மரத்தின் துளைக்குள் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி புள்ளியாக நிற்கும், அரக்குக்குக் கீழே அது என்றைக்கும் தெரியும்.

கரைசலை முதல் நாளே போட்டு வையுங்கள். 100 கிராம் செதிலை இடித்து 400 மில்லிலீற்றர் ஸ்பிரிட்டில் போட்டு, மூடி, மணித்தியாலத்துக்கு ஒருமுறை குலுக்குங்கள். ஒரு நாளில் கரையும். மெல்லிய துணியில் இருமுறை வடித்து, போத்தலில் திகதி எழுதி ஒட்டுங்கள். இதைத் தாய்க் கரைசல் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. பழைய அரக்கு ஸ்பிரிட்டோடு மெல்ல வினைபட்டுத் தன்மை மாறிவிடும், பூசினால் காயாது. ஐயமானால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அரை மணித்தியாலத்தில் ஒட்டாமல் காய வேண்டும், மறுநாள் நகம் பதியக்கூடாது. பிசினாக இழுபட்டால் காசைப் பாராமல் கொட்டிவிடுங்கள்.

கழற்றுதலும் மறைத்தலும்

தந்திகளைத் தளர்த்துமுன், அவற்றைத் தாங்கும் குதிரை நிற்கும் இடத்தைப் படம் எடுத்து, அதன் நான்கு மூலையிலும் மேல்பலகையில் சிறு துண்டு மறைப்பு ரேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். குதிரையைத் தந்திகளின் அழுத்தம்தான் பிடித்து வைத்திருக்கிறது. தந்தி தளர்ந்தவுடன் அது நகரும். அடையாளம் இல்லாமல் மீண்டும் வைத்தால் எல்லா மெட்டிலும் சுருதி பிசகும்.

பிரடைகளை, அதாவது தந்தியை முறுக்கும் முளைகளை, ஒவ்வொன்றாக எடுத்து, எது எந்த ஓட்டைக்கு உரியது என்று எழுதி வையுங்கள். பிரடையின் பிடிக்குப் பொலிஷ் போடலாம். ஓட்டைக்குள் போகும் கூம்புப் பகுதியில் அரக்கோ மெழுகோ ஒரு துளியும் படக்கூடாது. பட்டால் பிரடை வழுக்கும், சுருதி நிற்காது. சுரைக்காயைத் திருகிக் கழற்றுங்கள்.

இனி மேளம். மெட்டுகளைத் தாங்கும் கருமெழுகு தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் சேர்ந்தது. ஸ்பிரிட் அதிலுள்ள குங்கிலியத்தை இளக்கும், டர்பன்டைன் மெழுகையே கரைக்கும், வெயில் முழுவதையும் இளக்கும். ஒரு மெட்டு மயிரிழை அளவு சாய்ந்தாலும் அந்தச் சுரம் போய்விடும். ஆகவே மேளத்தின் முழு நீளத்துக்கும் மேலே தடித்த கடதாசி போட்டு, ரேப்பை மரத்தின் பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள். கருமெழுகில் ரேப் ஒட்டினால் எடுக்கும்போது மெழுகும் சேர்ந்து வரும். மேளத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அருகில் பொட்டணம் (அரக்கு பூசும் பஞ்சுத் துணி முடிச்சு) போகவேண்டாம். கெதியாகக் காயட்டும் என்று வீணையை முற்றத்து வெயிலில் வைப்பது எந்த நிலையிலும் வேண்டாம்.

மேல்பலகையில் உள்ள நாதத் துளைகளை உட்பக்கத்திலிருந்து அடைக்க முடியாது. வெளியே ரேப் வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். யாளி முகத்துக்கு வண்ணமும் பொன்னிறமும் தீட்டியிருந்தால் அதைத் தொடவேண்டாம், மூடி வைத்துவிடுங்கள். குடத்தின் ஓரத்திலும் தண்டியிலும் (வீணையின் நீளக் கழுத்து) ஓடும் பதிப்பு வேலையில், கீறிய கோடுகளுக்குள் இருக்கும் கறுப்பு ஸ்பிரிட்டில் கரைந்து பரவக்கூடும். அந்த இடங்களுக்கு முதலில் தூரிகையால் மெல்லிய அரக்கு ஒரே ஓட்டில், திரும்ப இழுக்காமல் பூசிக் காயவிட்டால் பிறகு பொட்டணம் பட்டாலும் கலையாது.

உரஞ்சல்

புது மரத்துக்கு 120இல் தொடங்குங்கள். சீவுளி, உளி அடையாளங்கள் எல்லாம் இந்த இலக்கத்திலேயே போயாக வேண்டும். 120இல் போகாத அடையாளம் 320இல் போகப்போவதில்லை. எப்போதும் மரத்தின் ரேகையோடு போங்கள். குடத்தின் வளைவுக்கு அரத்தாளை விரலால் அழுத்தாமல், பழைய ரப்பர்ச் செருப்பின் அடித்துண்டில் சுற்றி உரஞ்சுங்கள். விரலால் அழுத்தினால் விரலளவு பள்ளங்கள் விழும். அவை வெறும் மரத்தில் தெரியாது, மினுக்கம் ஏறிய பிறகு அலை அலையாகத் தெரியும்.

180, 240 முடிந்ததும், பற்றரித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முழுவதையும் ஒருமுறை துடையுங்கள். கிடந்த நார் எழுந்து நிற்கும். இரண்டு மணித்தியாலம் காயவிட்டு 320ஆல் மெதுவாக எடுங்கள். இன்னொருமுறை ஈரம், காய்ந்ததும் 400. இதைச் செய்யாவிட்டால் முதல் அரக்கு பட்டவுடன் நார் எழும்பி, மாட்டு நாக்குப்போலச் சுரசுரக்கும்.

ஒவ்வொரு இலக்கம் மாறும்போதும் தூளைத் தூரிகையால் தட்டி, ரோச் லைற்றை மரத்தோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். 320இல் விழும் தூளை ஒரு போத்தலில் சேர்த்து வையுங்கள், பிறகு தேவைப்படும். இரும்பு உல் பாவிக்கவேண்டாம். அதன் பொடி பலாவின் துளைக்குள் தங்கி, மாரியில் துருப்பிடித்துக் கறுப்புப் புள்ளியாக வரும்.

துளை அடைத்தல்

பலாவின் துளைகள் பெரியவை, கூரிய ஊசியால் குத்தியதுபோல நீளநீளமாக இருக்கும். சுண்ணக்கட்டித் தூளும் பசையும் குழைத்து அடைப்பது மலிவு. ஆனால் இரண்டு வருடத்தில் துளைகள் எல்லாம் வெள்ளைக் கோடுகளாக வெளியே வரும். அந்த மரத்தின் தூளாலேயே அடைப்பதுதான் வடிவாக அமையும்.

தாய்க் கரைசலில் ஒரு பங்கும் ஸ்பிரிட் ஒரு பங்கும் கலந்து, தூரிகையால் முழுவதும் ஒருமுறை பூசிக் காயவிடுங்கள். துணியில் மஞ்சள் ஏறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பலாவின் சொந்தச் சாயம். பிக்குகளின் காவியுடைக்குச் சாயம் எடுத்ததும் இந்த மரத்திலிருந்துதான். ஒரு மணித்தியாலம் கழித்து, உள்ளங்கையளவு இடத்தில் அதே கலவையைச் சிறிது தடவி, சேர்த்து வைத்த மரத்தூளை ஒரு சிட்டிகை தூவி, 400 அரத்தாளால் சிறு வட்டமாக உரஞ்சுங்கள். கூழ்போல ஆகித் துளைக்குள் போகும். மிஞ்சியதை ரேகைக்குக் குறுக்கே துடையுங்கள். ரேகையோடு துடைத்தால் துளைக்குள் போனதும் வெளியே வந்துவிடும். இப்படி உள்ளங்கையளவாக முழுக் குடத்தையும் தண்டியின் பக்கங்களையும் முடித்து, ஒரு நாள் விட்டு, உலர்ந்த 400ஆல் மட்டம் பார்த்து, இன்னொருமுறை செய்யுங்கள். பெரும்பாலும் இரண்டு முறை போதும். சில மரத்துக்கு மூன்றும் வேண்டும்.

மேல்பலகையில் இந்தத் துளை அடைக்கும் வேலையை விடுங்கள். அதிர வேண்டியது அந்தப் பலகைதான். அதில் ஏறும் ஒவ்வொரு படையும் கனத்தையும் மந்தத்தையும் கூட்டும். அதற்கு இரண்டு மெல்லிய அமர்வு அரக்கும் மெழுகும் போதும். குடத்தைவிட அது சற்று மங்கலாக இருப்பது குறையல்ல.

பொட்டணம்

முழு வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. பஞ்சைத் தேசிக்காய் அளவுக்கு உருட்டி, தாய்க் கரைசலும் ஸ்பிரிட்டும் சம அளவு கலந்ததை அதில் ஒரு மேசைக்கரண்டி விட்டு, வேட்டித் துண்டின் நடுவில் வைத்து, துணியை முறுக்கிக் கட்டுங்கள். அடிப்பக்கத்தில் ஒரு சுருக்கமும் இருக்கக்கூடாது. சுருக்கம் ஒவ்வொன்றும் பூச்சில் ஒரு கோடு. வெள்ளைக் கடதாசியில் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஈர அடையாளம் இரண்டு மூன்று எண்ணுவதற்குள் மறைய வேண்டும். துளியாக நின்றால் ஈரம் கூட, கடதாசியில் பிழிந்துவிட்டுத் தொடங்குங்கள்.

தோசைக்கல்லில் எண்ணெய்த் துணி தடவும்போது கை எப்படி வந்து, தொட்டு, நிற்காமல் போகிறதோ, அப்படிப் போக வேண்டும். பொட்டணத்தை மரத்தின் மேல் நேரே வைக்கக்கூடாது, நேரே தூக்கவும் கூடாது. ஓடிக்கொண்டே வந்து இறங்க வேண்டும், ஓடிக்கொண்டே வெளியேற வேண்டும். நடுவில் ஒரு கணம் நின்றாலும் ஈர ஸ்பிரிட் கீழிருக்கும் அரக்கை இளக்கிப் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் ரேகையோடு நீளமாக, பிறகு சிறு வட்டங்கள், பிறகு எட்டு வடிவம், கடைசியில் மீண்டும் நீளம். ஒரே வழியில் போனால் வரம்பு கட்டும்.

சரியான ஈரத்தில், சரியான வேகத்தில் போகிறீர்களா என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு. பொட்டணத்துக்குப் பின்னால், கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு மங்கல் வால் தொடரும், இரண்டு மூன்று விநாடியில் தானே மறையும். அந்த வால் தெரியவில்லை என்றால் பொட்டணம் காய்ந்துவிட்டது. மறையாமல் பளபளவென்று நனைந்து நின்றால் ஈரம் அதிகம்.

ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு பொட்டணம் இழுபடத் தொடங்கும். அப்போது திரவ பரஃபினை விரல்நுனியால் தொட்டு, பொட்டணத்தின் அடியில் ஒரே ஒரு புள்ளி வையுங்கள். எண்ணெய் வழுக்கலுக்கு மட்டுமே, பூச்சில் அது தங்கக்கூடாது. அடிக்கடி வைத்தால் அன்றைக்கு அழகாக மினுங்கும். மூன்று நான்கு கிழமையில் எண்ணெய் மேலே வந்து சாம்பல் பூத்ததுபோல ஆகும்.

ஓர் அமர்வில் ஒரே இடத்தில் எட்டுச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். கை இன்னும் ஆசைப்படும், அந்த இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். அடியில் ஸ்பிரிட் சேர்ந்து பூச்சு முழுவதும் இளகும் கட்டம் அதுதான். காலை ஒன்று, பின்நேரம் ஒன்று என்று ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு, குடத்துக்கும் தண்டியின் பக்கங்களுக்கும் மொத்தம் எட்டு முதல் பத்து அமர்வு. இரண்டு அமர்வுக்கு ஒருமுறை, காய்ந்த பூச்சின்மேல் 400 அரத்தாளின் பழைய துண்டால் மெதுவாகத் தொட்டுப் புழுதி மணிகளை எடுங்கள். பொட்டணத்தை மூடியுள்ள போத்தலில் இரண்டு சொட்டு ஸ்பிரிட்டோடு போட்டு வைத்தால் மறுநாளும் பாவிக்கலாம்.

வாசிப்பவரின் வலது முன்கை படியும் குடத்தின் ஓரம் எப்போதும் முதலில் தேயும். வியர்வையும் உராய்வும் அங்கேதான். அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு அமர்வு கூடக் கொடுங்கள். செதுக்கு வேலை உள்ள இடங்களுக்குப் பொட்டணம் போகாது. பாதியாக ஐதாக்கிய அரக்கைத் தூரிகையால் மூன்று தரம் பூசினால் போதும். பள்ளத்தில் தேங்குவதை உடனே உலர்ந்த தூரிகையால் உறிஞ்சி எடுங்கள்.

குடத்தின் அடிப்பக்கம் வேலை செய்யும்போது வீணையைக் கவிழ்த்து வைக்க நேரும். தண்டியின் இரு ஓரமும் படியும்படி இரண்டு தலையணைகளை இடைவெளி விட்டு வையுங்கள், மெட்டுகள் எதிலும் முட்டாமல் நடுவில் தொங்க வேண்டும். அன்று பூசிய பக்கம் அன்று துணியில் படக்கூடாது, நெசவு அப்படியே பதியும்.

ஸ்பிரிட் வேலை நடக்கும் அறையில் விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் இருக்கக்கூடாது. அதிலுள்ள மெதனோல் நஞ்சு, கையுறை போடுங்கள்.

முற்றவிடல், மட்டம், கடைசிப் படை

கடைசி அமர்வுக்குப் பிறகு மூன்று கிழமை வீணையைத் தொடாதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில், புழுதி விழாமல் மெல்லிய துணியைக் கயிற்றுக் கொடியில் கூடாரம்போலப் போட்டு விடுங்கள். அரக்கு தொட்டால் காய்ந்ததுபோல் ஒரு மணித்தியாலத்திலேயே இருக்கும். உள்ளே ஸ்பிரிட் வெளியேற நாட்கள் செல்லும். அந்த நாட்களில் பூச்சு சுருங்கித் துளைகளுக்குள் சற்று அமிழும். முற்றுமுன் மட்டமாக்கி மெழுகு போட்டால், பிறகு அமிழ்ந்து துளைக் கோடுகள் மீண்டும் தெரியும்.

முற்றியதும் 800 கறுப்புத் தாளில் இரண்டு மூன்று சொட்டுத் திரவ பரஃபின் விட்டு மெதுவாக உரஞ்சுங்கள். அரக்குக்குத் தண்ணீர் ஆகாது, ஆகவே எண்ணெய். துடைத்துப் பார்த்தால் மேடுகள் மங்கலாகவும் பள்ளங்கள் இன்னும் மினுங்கிக்கொண்டும் தெரியும். மினுங்கும் புள்ளி ஒன்றும் இல்லாமல் முழுவதும் ஒரே மங்கலாக வரும்வரை போக வேண்டும். ஓரங்களில் மிகவும் கவனம், அங்கே பூச்சு மெல்லியது, இரண்டு இழுப்பில் மரம் வந்துவிடும். பிறகு 1200, பிறகு 2000. டர்பன்டைன் தொட்ட துணியால் எண்ணெயை முழுவதும் துடைத்தெடுத்து, ஒரு இரவு விடுங்கள். டர்பன்டைன் அரக்கைக் கரைக்காது, ஆனால் மேளத்தின் பக்கம் போகக்கூடாது என்பதை மறக்காதீர்கள்.

மறுநாள் புதிய பொட்டணம். தாய்க் கரைசல் ஒரு பங்குக்கு ஸ்பிரிட் ஐந்து பங்கு. கடதாசியில் பிழிந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் அளவுக்கு உலர்த்தி, ரேகையோடு நீள இழுப்பு, மயிலிறகால் தடவுவதுபோல. ஆறேழு இழுப்பில் மங்கல் உடைந்து கண்ணாடி வெளிவரும். இந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒரு கிழமை காயவிடுங்கள்.

மெழுகு

தேன்மெழுகு அழுக்காக இருந்தால் முதலில் வெந்நீரில் உருக்கித் துணியில் வடித்து ஆறவிடுங்கள். மேலே மிதந்து உறையும் கட்டியின் அடியில் படிந்த அழுக்கைச் சுரண்டி எடுத்து, ஈரமில்லாமல் உலர்த்துங்கள். ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் கண்ணாடிப் போத்தலையோ சிறு ஏனத்தையோ வைத்து, முதலில் 15 கிராம் கார்னூபாவை உருக்கி, பிறகு 30 கிராம் தேன்மெழுகைச் சேருங்கள். இரண்டும் தெளிந்ததும் அடுப்பை அணைத்து, ஏனத்தை வெளியே எடுத்து, முற்றத்துக்குக் கொண்டுபோய், 90 மில்லிலீற்றர் டர்பன்டைனைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறுங்கள். அடுப்புக்கு மேல் டர்பன்டைன் ஊற்றினால் தீப்பிடிக்கும். ஆறியதும் மாஜரின் பதம் வர வேண்டும். கல்லாக இறுகினால் மீண்டும் வெந்நீரில் வைத்து இளக்கி, வெளியே எடுத்து 10 மில்லிலீற்றர் டர்பன்டைன் கூட்டுங்கள்.

பயறளவு மெழுகை மடித்த பருத்தித் துணியில் எடுத்து, இரண்டு உள்ளங்கை அளவு இடத்தில் வட்டமாகத் தேயுங்கள். பூசியது கண்ணுக்குத் தெரிந்தால் கூடிவிட்டது. பதினைந்து இருபது நிமிடத்தில் மெல்லிய மங்கல் பிடிக்கும், விரலால் தொட்டால் வழுக்காமல் சற்றுத் தடுக்கும். அப்போது சுத்தமான துணியால் வேகமாகத் துடைத்து மினுக்குங்கள். மறுநாள் இன்னொரு படை. கடைசியாகப் பழைய பனியன் துணியால், சூடு கையில் தெரியும்வரை. மூன்றாவது படை வேண்டாம். மெழுகு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கனக்காது, புதியது பழையதைக் கரைத்து அழுக்காக்கும்.

மோட்டார் வாகனத்துக்குப் போடும் மெழுகு பாவிக்காதீர்கள். அதில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும். துளைக்குள் ஒருமுறை போனால், என்றைக்காவது அரக்கு பூசும்போது மீன்கண்போலச் சுழி விட்டு ஒதுங்கும். பித்தளை மினுக்கும் திரவமும் வேண்டாம், அதிலுள்ள அமோனியா அரக்கைத் தின்னும்.

வேலை முடிந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். டர்பன்டைன் ஊறிய துணி குவிந்து கிடந்தால் தானே சூடேறும். கொடியில் விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

பிழைகளும் திருத்தமும்

பூச்சு பால்போல வெளுத்தால்: ஈரம். வெயில் ஏறிய நல்ல நாளில், ஸ்பிரிட் மட்டும் தொட்டுப் பிழிந்த பொட்டணத்தால் இரண்டே இழுப்பு. வெளுப்பு பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் ஒரு கிழமை விட்டு மீண்டும்.

பொட்டணம் ஒட்டிப் பிய்ந்து குழி விழுந்தால், உடனே திருத்தப் பார்க்காதீர்கள். கை வைக்க வைக்கப் பெருக்கும். இரண்டு நாள் காயவிட்டு, 400ஆல் சுற்றிலும் சமப்படுத்தி, அந்த இடத்தில் தூரிகையால் சொட்டுச் சொட்டாக நிரப்பி, மட்டமாக்கி, மேலே பொட்டணம்.

மெழுகு கோடு கோடாகத் தெரிந்தால் தடிப்பாகப் பூசியிருக்கிறீர்கள், அல்லது நேரம் கடந்து காய்ந்துவிட்டது. டர்பன்டைன் துணியால் துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மெழுகு போட்ட பிறகு அரக்கில் ஏதாவது திருத்த வேண்டுமானால், முதலில் மெழுகை இப்படியே முழுவதும் எடுத்தாக வேண்டும். மெழுகின்மேல் அரக்கு பிடிக்காது.

மிருதங்கம், தவில்

இவையும் பலாதான், முறையும் இதுவே. வேறுபாடு ஒன்றிரண்டு. தோலைக் கழற்றிய நேரத்தில்தான் இந்த வேலை செய்யலாம். வாய் விளிம்பிலிருந்து தோல் அமரும் மூன்று சென்ரிமீற்றருக்குப் பூச்சு வேண்டாம், அங்கே வழுக்கினால் தோல் நகரும். மிருதங்கத்தில் வார் அழுந்தும் இடத்தில் எவ்வளவு மினுக்கினாலும் தடம் விழும், ஆகவே நான்கு அமர்வு அரக்கு போதும். தவில் இன்னும் கடுமையான வாழ்க்கை வாழும் வாத்தியம். இணுவில், அளவெட்டிப் பக்கத்துத் தவில்கள் திருவிழாக் காலத்தில் வெயில், வியர்வை, வீதி என்று எல்லாவற்றையும் பார்க்கும். அதற்குக் கண்ணாடி மினுக்கம் எடுப்பது வீண்வேலை. இரண்டு அமர்வு அரக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகும் சரி.

பிறகு

தந்தி பூட்டுவதை மெழுகு போட்டு இரண்டு நாளைக்குப் பிறகு செய்யுங்கள். வாசித்து முடித்ததும் முன்கை படும் ஓரத்தை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். சவர்க்காரத் தண்ணீர் கூடவே கூடாது. அதன் காரம் அரக்கைக் கரைக்கும். தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம், புழுதியைச் சேர்த்துக் கறையாக இறுகும். மெழுகை வருடத்துக்கு ஒருமுறை, பங்குனியில், புதுப்பித்தால் போதும்.

சரஸ்வதி பூசைக்கு வீணையில் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஈரச் சந்தனம் பத்து நாள் பூச்சின்மேல் இருந்தால் வட்டமாக வெளுக்கும், குங்குமச் சிவப்பு மெழுகுக்குள் இறங்கும். ஒரு சிறு வெற்றிலைத் துண்டில் பொட்டு வைத்து, அதைத் தந்தியில் செருகிவிடுங்கள். விசயதசமி அன்று ஏடு தொடக்குமுன் எடுத்துவிடலாம்.